நவீன மேலைத் தத்துவம்: எங்கே தொடங்குவது, எதைத் தள்ளிப்போடுவது

தமிழில் தீவிரமாக வாசிக்கிறவர்கள் மேலைத் தத்துவத்துக்குள் பெரும்பாலும் அதன் பின்பகுதியிலிருந்துதான் நுழைகிறோம். சிலர் மார்க்ஸ் வழியாக, சிலர் சார்த்தர், காம்யு வழியாக, சிறுபத்திரிகை படித்து வளர்ந்தவர்கள் ஃபூக்கோ, தெரிதா வழியாக. இருத்தலியல் பற்றி எஸ்.வி. ராஜதுரையும் அமைப்பியல் பற்றித் தமிழவனும் எழுதிய புத்தகங்கள் பலருக்கு முதல் அறிமுகம். அதில் தவறொன்றும் இல்லை. ஆனால் கொஞ்ச தூரம் போனதும் ஒரு தடை வரும். இவர்கள் எல்லோரும் யாரையோ மறுத்துக்கொண்டே இருக்கிறார்கள். அந்த யாரோ யார், அப்படி என்ன சொல்லிவிட்டார் என்பது நமக்குத் தெரியாது. சரி, ஆரம்பத்திலிருந்தே படித்துவிடலாம் என்று ஒரு தடித்த வரலாற்று நூலை வாங்குகிறோம். பெயர், ஆண்டு, கொள்கை, அடுத்த பெயர் என்று போகிற அந்த வரிசையும் நூறு பக்கத்துக்குள் சலித்துவிடுகிறது.

அப்படி நின்றுபோனவர்களுக்கும் இனிமேல் தொடங்கப்போகிறவர்களுக்கும் நான் சொல்வது ஒரே முறைதான். தத்துவவாதிகளைத் தனித்தனியாகப் படிக்காதீர்கள். ஒருவரையும் அவரை மறுத்தவரையும் சேர்த்து, இருவர் இருவராகப் படியுங்கள். முழு நூல் வேண்டாம். இருவரிடமிருந்தும் பத்துப் பதினைந்து பக்கம் போதும். ஆனால் அது மூல நூலாக இருக்க வேண்டும்.

முதல் படி: தோராயமான வரைபடம்

தத்துவத்தில் 'நவீனம்' என்றால் இருபதாம் நூற்றாண்டு அல்ல, பதினேழாம் நூற்றாண்டு. கலிலியோவின் அறிவியலும் மதப் போர்களும் பழைய நிச்சயங்களை ஆட்டிவைத்த காலம் அது. 1641-இல் தெகார்த்தின் 'மெடிடேஷன்ஸ்' வருகிறது. 1781-இல் காண்ட்டின் 'கிரிட்டிக் ஆஃப் ப்யூர் ரீசன்'. இந்த 140 ஆண்டுகளில் முக்கியமான கேள்வி: நாம் எதை, எப்படி உறுதியாக அறிய முடியும்? காண்ட்டுக்குப் பிறகு 1900 வரை கேள்வி வரலாற்றின் பக்கமும் சமூகத்தின் பக்கமும் திரும்புகிறது: ஹெகல், மார்க்ஸ், கீர்க்ககார்ட், நீட்ஷே. 1900-க்குப் பிறகு இரண்டு பாதைகள்: மொழியையும் தர்க்கத்தையும் பிடித்துக்கொண்டு போன பகுப்பாய்வுத் தத்துவம் ஒன்று, ஹுஸ்ஸர்ல் தொடங்கிவைத்த நிகழ்வியலும் (பொருள்கள் நம் அனுபவத்தில் எப்படித் தோன்றுகின்றன என்று ஆராய்வது) அதன் பிள்ளைகளும் இன்னொன்று. முதல் மாதத்துக்கு இதற்கு மேல் வரைபடம் தேவையில்லை. அனுபவவாதம், பகுத்தறிவுவாதம் போன்ற பெயர்ப்பலகைகளை இப்போதே மனப்பாடம் செய்ய வேண்டாம். அவை பின்னால் வந்தவர்கள் ஒட்டியவை.

இரண்டாம் படி: தெகார்த்தும் எலிசபெத்தும்

'மெடிடேஷன்ஸ்' ஆறு தியானங்கள் கொண்ட சின்னப் புத்தகம். முதல் இரண்டை மட்டும் படியுங்கள். முதலாவதில் தெகார்த் கணப்பின் பக்கத்தில், கையில் காகிதத்தோடு உட்கார்ந்திருக்கிறார். புலன்கள் சில சமயம் ஏமாற்றுகின்றன. இது கனவாகவும் இருக்கலாம். ஒரு வல்லமை பொருந்திய வஞ்சகன் எல்லாவற்றிலும் என்னை ஏமாற்றிக்கொண்டிருக்கலாம் என்று சந்தேகத்தைப் படிப்படியாக ஏற்றுகிறார். இரண்டாவதில், ஏமாற்றப்படுவதற்காவது நான் இருந்தாக வேண்டுமே என்ற இடத்தில் கால் ஊன்றுகிறார்.

இரண்டாவது தியானத்தில் வருகிற மெழுகுப் பத்தியை மட்டும் மூன்று தடவை படிக்கச் சொல்வேன். தேனடையிலிருந்து புதிதாக எடுத்த மெழுகுத் துண்டு. தேனின் ருசி இன்னும் போகவில்லை, பூவின் வாசம் ஒட்டியிருக்கிறது, தொட்டால் கெட்டியாகக் குளிர்ச்சியாக இருக்கிறது, விரலால் தட்டினால் சத்தம் வருகிறது. அதை நெருப்புக்குப் பக்கத்தில் கொண்டுபோகிறார். ருசி போய்விட்டது, வாசம் போய்விட்டது, நிறமும் வடிவமும் மாறிவிட்டன, உருகிச் சூடாகிவிட்டது, தட்டினால் சத்தமில்லை. புலன்கள் சொன்ன அத்தனையும் மாறிவிட்டது. ஆனாலும் அதே மெழுகு என்கிறோம். அப்படியென்றால் 'அதே' என்பதை எனக்குச் சொன்னது எது? கண்ணா, மூக்கா? புலன்கள் அல்ல, மனம்தான் என்பது அவர் முடிவு. ஒப்புக்கொள்கிறீர்களா இல்லையா என்பது இப்போது முக்கியமில்லை. அந்த முடிவுக்கு அவர் எந்தெந்தப் படியில் கால் வைத்து ஏறினார் என்பதைத் தாளில் எழுதிப் பாருங்கள். தத்துவம் படிப்பது என்பது முக்கால்வாசி இந்த வேலைதான்.

அப்புறம் உடனே எலிசபெத்துக்குப் போங்கள். பொஹேமியாவின் இளவரசி; குடும்பம் அரசை இழந்து ஹாலந்தில் தஞ்சமிருந்தது. 1643 மே மாதம், 24 வயதில், தெகார்த்துக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். அவர் கேட்டதன் சாரம் இது: ஆன்மா இடத்தை அடைக்காத, சிந்திக்க மட்டுமே செய்கிற ஒன்று என்கிறீர்கள், ஒரு பொருள் நகர வேண்டுமானால் இன்னொன்று அதைத் தொட்டுத் தள்ள வேண்டும், தொடுவதற்கு உடலே இல்லாத ஆன்மா என் கையை எப்படி அசைக்கிறது? எடை ஒரு பொருளைத் தொட்டுத் தள்ளாமலே கீழே நகர்த்துவதாக நினைக்கிறோமே என்று தெகார்த் உதாரணம் காட்டிப் பதில் எழுதுகிறார். எலிசபெத் விடவில்லை. உருவமற்ற ஒன்றுக்கு உடலை அசைக்கும் சக்தி உண்டு என்று ஒத்துக்கொள்வதைவிட, ஆன்மாவும் ஒரு பருப்பொருள்தான் என்று ஒத்துக்கொள்வது எனக்கு எளிது என்று ஜூனில் திருப்பி எழுதுகிறார்.

அதற்கு தெகார்த் எழுதிய பதில் ஆச்சரியமானது. அறிவை மட்டுமே கொண்டு செய்கிற இந்த வகைச் சிந்தனைக்கு வருடத்தில் சில மணி நேரத்துக்கு மேல் தான் செலவிட்டதில்லை என்கிறார். உடலும் மனமும் ஒன்றாயிருப்பது அன்றாட வாழ்க்கையிலும் பேச்சிலும்தான் புரியும் என்கிறார். எலிசபெத்தின் கேள்விக்கு அது பதில் ஆகாது என்பது என் கருத்து. ஆனால் 'மெடிடேஷன்ஸ்' எழுதியவர் தன் முறையின் எல்லையை இப்படித் திறந்து சொல்வதைப் பார்க்கக் கடிதத்தைத்தான் படிக்க வேண்டும். எந்த வரலாற்றுச் சுருக்கத்திலும் அந்தத் தொனி வராது. தெகார்த் 1650-இல் இறக்கும்வரை கடிதங்கள் தொடர்ந்தன. மன உணர்ச்சிகள் பற்றி அவர் 1649-இல் வெளியிட்ட நூல் இந்த உரையாடலிலிருந்து வளர்ந்ததுதான்.

'மெடிடேஷன்ஸ்' முதலில் அச்சானபோதே ஆறு தொகுதி மறுப்புகளோடும் அவற்றுக்கு தெகார்த் எழுதிய பதில்களோடும் சேர்ந்துதான் வந்தது. மறுத்தவர்களில் ஹாப்ஸும் உண்டு. ஆக, ஒருவரை மறுப்போடு சேர்த்துப் படிப்பது என் கண்டுபிடிப்பு அல்ல. அந்தக் காலத்து நூல் வந்த வடிவமே அது.

குறிப்பேடு பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு பகுதியையும் படித்து முடித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு நான்கு விஷயம் எழுதுங்கள்: இவர் யாரை மறுக்கிறார், என்ன சொல்கிறார், அதற்குக் காரணம் என்ன, நான் எந்த இடத்தில் தயங்குகிறேன். தமிழிலேயே எழுதுங்கள். சொந்த வாக்கியத்தில் எழுத முடியாவிட்டால் இன்னும் புரியவில்லை என்று அர்த்தம். திரும்பப் படிக்க வேண்டியதுதான். ஒரு பக்கத்துக்குப் பத்து நிமிடம் ஆனால் அது சரியான வேகம்.

மூன்றாம் படி: ஹியூமின் நான்காம் பகுதி

நடுவில் ஸ்பினோசா, லைப்னிஸ், லாக், பெர்க்லி இருக்கிறார்கள். முதல் சுற்றில் இவர்களைத் தாண்டிப் போகலாம். ஸ்பினோசாவின் 'எதிக்ஸ்' வடிவியல் தேற்றங்கள்போல் எழுதப்பட்டது. அதைத் தொடக்கத்திலேயே எடுத்து மனம் நொந்தவர்கள் நிறைய.

ஹியூம் இருபதுகளில் எழுதிய பெரிய நூல் 1739-இல் வந்து கவனிப்பாரில்லாமல் போனது. அச்சிலிருந்து செத்துப் பிறந்தது என்று அவரே எழுதினார். அதன் சாரத்தைச் சுருக்கி, மொழியை எளிமையாக்கி 1748-இல் மறுபடி வெளியிட்டார். 'என்கொயரி' என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். அதில் நான்காம், ஐந்தாம் பகுதிகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

நான்காம் பகுதியின் வாதத்தை ரொட்டியை வைத்துப் பிடிக்கலாம். ஹியூமே அப்படித்தான் சொல்கிறார். இதுவரை தின்ற ரொட்டி எனக்குப் பசியாற்றியது. நாளைக்குத் தின்னப்போகும் ரொட்டியும் ஆற்றும் என்று எதை வைத்துச் சொல்கிறேன்? தர்க்கத்தை வைத்துச் சொல்ல முடியாது. நாளை ரொட்டி விஷமாகிவிடும் என்று கற்பனை செய்வதில் எந்த முரண்பாடும் இல்லை. அனுபவத்தை வைத்தும் சொல்ல முடியாது. அனுபவம் நேற்றுவரை நடந்ததைத்தான் காட்டும். 'இதுவரை எதிர்காலம் இறந்தகாலத்தைப் போலத்தானே இருந்தது' என்றால், அந்த 'இதுவரை' இனிமேலும் செல்லும் என்பதைத்தானே நிரூபிக்கச் சொல்கிறார். சுற்றிச் சுற்றி அதே இடம். ஐந்தாம் பகுதியில் அவர் தருகிற பதில்: பழக்கம். அறிவின் நிரூபணம் அல்ல, மனித இயல்பின் பழக்கம்தான் நம்மை நாளைக்குக் கொண்டுபோகிறது.

அறிவியல் படித்தவர்கள் இந்த இடத்தில் கோபப்படுவார்கள். கோபப்படுங்கள், ஆனால் எந்தப் படி தவறு என்று விரல் வைத்துக் காட்டுங்கள். இங்கே மறுப்பாளராக மேரி ஷெப்பர்டைச் சேர்த்துக்கொள்ளலாம். 1824-இல் காரண காரியம் பற்றி அவர் எழுதிய நூல் ஹியூமை நேரடியாக எதிர்க்கிறது. எதுவும் தானாகத் தொடங்க முடியாது என்பதை அனுபவமில்லாமல் அறிவாலேயே காட்டலாம் என்பது அவர் வாதம். வெகுகாலம் வரலாற்றுப் புத்தகங்களில் இல்லாத பெயர்.

நான்காம் படி: காண்ட்டைக் குறுக்குவழியில் சந்திப்பது

800 பக்கத்துக்கு மேல் ஓடுகிற 'கிரிட்டிக்'கைத் தொடாதீர்கள். அது வெளியானபோது படித்தவர்களுக்கே புரியவில்லை. அதனால்தான் 1783-இல் 'ப்ரோலெகோமெனா' என்ற சிறு நூலை எழுதினார். அதன் முன்னுரையைப் படியுங்கள். தன்னுடைய தத்துவ உறக்கத்தைக் கலைத்தது ஹியூமின் நினைவுதான் என்று காண்ட் அங்கே ஒத்துக்கொள்கிறார். ரொட்டிக் கேள்வியை நீங்கள் ஏற்கெனவே படித்திருப்பதால் அந்த முன்னுரை உங்களோடு பேசும். படிக்காதவர்களுக்கு அது வெறும் மரியாதைச் சொல். காண்ட்டின் பதிலை ஒரு வரியில் வைத்துக்கொள்ளலாம்: காரணம் என்பதை அனுபவத்திலிருந்து நாம் எடுப்பதில்லை, அனுபவம் என்று ஒன்று சாத்தியமாவதற்கே மனம் அதை முன்கூட்டிக் கொண்டுவர வேண்டியிருக்கிறது. இந்த ஒரு வரியை முழுதாகப் புரிந்துகொள்ள வருடங்கள் ஆகும், பரவாயில்லை. கூடவே 1784-இல் அவர் ஒரு பெர்லின் இதழில் எழுதிய 'அறிவொளி என்றால் என்ன' கட்டுரையையும் படியுங்கள். சில பக்கங்கள்தான்.

ஐந்தாம் படி: பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒருவர்

இங்கே எல்லோரையும் படிக்க முயன்றால் திணறிவிடுவீர்கள். ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். மார்க்ஸ் என்றால் ஜெர்மன் தத்துவவாதி ஃபாயர்பாஹ் பற்றி 1845-இல் எழுதிய பதினோரு குறிப்புகள். ஏங்கல்ஸ் அவற்றை 1888-இல்தான் வெளியிட்டார். நீட்ஷே என்றால் 1887-இல் வந்த 'ஆன் த ஜீனியாலஜி ஆஃப் மொரால்ஸ்' நூலின் முதல் கட்டுரை. மேற்கோள் துணுக்குகளாகப் பரவும் நீட்ஷேயை நம்பவே வேண்டாம். ஹெகலைத் தள்ளிப்போடுங்கள். அவர் முக்கியமானவர், சந்தேகமில்லை. ஆனால் காண்ட் ஓரளவு பிடிபட்ட பிறகுதான் அவருடைய பக்கங்கள் திறக்கும்.

ஜான் ஸ்டூவர்ட் மில்லிடம் மட்டும் நம் ஊர்க்காரர்கள் சற்று நின்று போக வேண்டும். 1823-இல் 17 வயதில் லண்டனில் கிழக்கிந்தியக் கம்பெனி அலுவலகத்தில் சேர்ந்தவர், 1858 வரை 35 வருடம் அங்கேதான் வேலை பார்த்தார். அடுத்த வருடமே 'ஆன் லிபர்ட்டி' வெளியானது. பேச்சுரிமைக்காக அதன் இரண்டாம் அத்தியாயம் முன்வைக்கும் வாதத்துக்கு இணையாக நான் வேறொன்றைப் படித்ததில்லை. அதே நூலின் முன்னுரை அத்தியாயத்தில், இந்தச் சுதந்திரக் கோட்பாடு இன்னும் பக்குவப்படாத சமூகங்களுக்குப் பொருந்தாது, அவர்களை முன்னேற்றும் நோக்கமிருந்தால் சர்வாதிகார ஆட்சியே முறையானது என்கிறார். இரண்டையும் படியுங்கள். இரண்டாம் அத்தியாயத்தின் வாதத்தை எடுத்துக்கொண்டு முன்னுரையை நோக்கித் திருப்ப முடியுமா என்று யோசியுங்கள். முடியும் என்றுதான் நினைக்கிறேன்: தான் தவறே செய்யாதவன் என்ற நினைப்பில்தான் ஒருவன் இன்னொருவனின் வாயை அடைக்கிறான் என்று மில் சொல்வது கம்பெனிக்கும் பொருந்தும்.

மில் மட்டுமல்ல. அடிமை வணிகம் செய்த ராயல் ஆப்பிரிக்கன் கம்பெனியில் லாக் பங்கு வைத்திருந்தார். ஜெர்மன் தத்துவவாதி ஹைடெகர் 1933-இல் நாஜிக் கட்சியில் சேர்ந்தார். யூதராகப் பிறந்த தன் ஆசிரியர் ஹுஸ்ஸர்லுக்குச் செய்திருந்த சமர்ப்பணம் 'பீயிங் அண்ட் டைம்' நூலின் 1941 பதிப்பில் இல்லை. இவற்றைத் தெரிந்துகொண்டு படியுங்கள். தெரிந்ததும் நூலை எறிந்துவிடுவதும் தவறு, தெரியாததுபோல் படிப்பதும் தவறு.

ஆறாம் படி: இருபதாம் நூற்றாண்டின் இரண்டு பாதைகள்

பகுப்பாய்வுப் பாதைக்கு, ரஸ்ஸல் பொதுவாசகர்களுக்காக 1912-இல் எழுதிய 'ப்ராப்ளம்ஸ் ஆஃப் ஃபிலாசஃபி'யின் முதல் அத்தியாயம் நல்ல வாசல். எதிரே இருக்கும் மேசையின் நிறம் உண்மையில் எது என்று கேட்டுத் தொடங்குகிறார். அதோடு எட்மண்ட் கெட்டியர் 1963-இல் எழுதிய கட்டுரை. மூன்றே பக்கம். நியாயமான ஆதாரத்தோடு நம்பப்படுகிற உண்மையே அறிவு என்ற வரையறையை அது இரண்டு உதாரணத்தில் உடைத்தது. ஸ்மித், ஜோன்ஸ் இருவரும் ஒரு வேலைக்கு விண்ணப்பிக்கிறார்கள். வேலை ஜோன்ஸுக்குத்தான், அவர் பையில் பத்து நாணயங்கள் இருக்கின்றன என்பதற்கு ஸ்மித்திடம் வலுவான ஆதாரம் இருக்கிறது. ஆகவே 'வேலை கிடைக்கப்போகிறவரின் பையில் பத்து நாணயம் உண்டு' என்று நம்புகிறார். கடைசியில் வேலை ஸ்மித்துக்கே கிடைக்கிறது. எண்ணிப் பார்க்காத அவர் பையிலும் தற்செயலாகப் பத்து நாணயம். நம்பிக்கை உண்மை, ஆதாரமும் இருந்தது. அதை அறிவு என்பீர்களா? இதற்குப் பதில் எழுதி எழுதி ஒரு துறையே வளர்ந்தது. நீங்களும் ஒரு திருத்தம் எழுதிப் பாருங்கள், பிறகு அதை உடைக்க ஓர் உதாரணம் தேடுங்கள்.

மற்ற பாதைக்கு, சார்த்தர் 1945-இல் பாரிசில் ஆற்றிய இருத்தலியல் சொற்பொழிவு எளிது. ஆனால் அதோடு நின்றுவிடாமல் சிமோன் த போவுவாவின் 'செகண்ட் செக்ஸ்' முன்னுரைக்குப் போங்கள். 1949-இல் வந்தது. சார்த்தரின் சுதந்திரம் என்ற கருத்தை, சுதந்திரமே மறுக்கப்பட்ட ஒரு நிலைமையில் வைத்துச் சோதிக்கிறார். எனக்கு அவரே கூர்மையானவராகப் படுகிறார்.

ஃபூக்கோ, தெரிதா வழியாக வந்தவர்களுக்கு இப்போது ஒரு பலன் காத்திருக்கிறது. 1961-இல் வந்த 'பைத்தியத்தின் வரலாறு' நூலில் ஃபூக்கோ, முதல் தியானத்தில் தெகார்த் கனவைப் பரிசீலிக்கிறார், பைத்தியத்தை மட்டும் ஒரு வாக்கியத்தில் வெளியே தள்ளிவிடுகிறார் என்கிறார். 1963-இல் தெரிதா ஒரு சொற்பொழிவில் மறுக்கிறார்: தெகார்த் தள்ளவில்லை, கனவு வழியாக இன்னும் தீவிரமான சந்தேகத்துக்குப் போகிறார். 1972-இல் ஃபூக்கோ காட்டமாகப் பதில் எழுதுகிறார். சண்டை முழுவதும் நீங்கள் படித்து முடித்த அந்தச் சில பக்கங்களைப் பற்றியதுதான். முதல் தியானத்தை எடுத்து வைத்துக்கொண்டு யார் சொல்வது சரி என்று நீங்களே தீர்ப்பு எழுதலாம்.

நூல்கள் எங்கே கிடைக்கும்

பழைய நூல்களுக்குப் பணம் செலவழிக்கத் தேவையே இல்லை. அவற்றின் பழைய மொழிபெயர்ப்புகள் புராஜெக்ட் குட்டன்பெர்க் தளத்தில் இலவசம். பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கிலம் மலைப்பாக இருந்தால், ஜோனதன் பென்னட் இன்றைய ஆங்கிலத்தில் எளிமையாக்கித் தந்திருக்கும் 'எர்லி மாடர்ன் டெக்ஸ்ட்ஸ்' தளத்தைப் பாருங்கள். தெகார்த், எலிசபெத் கடிதங்கள், ஹியூம், காண்ட் எல்லாம் இருக்கின்றன. அவர் வாக்கியங்களை மாற்றியிருப்பதால் மேற்கோள் காட்ட மட்டும் வேறு பதிப்பைப் பயன்படுத்துங்கள். 1995-இல் தொடங்கிய ஸ்டான்ஃபோர்ட் தத்துவக் கலைக்களஞ்சியம் இலவசம், நம்பகமானது. ஆனால் மூலத்தைப் படித்த பிறகு அதைத் திறங்கள். முதலிலேயே திறந்தால், பதினைந்து உரையாசிரியர்களின் சண்டை நடுவே தெகார்த் என்ன சொன்னார் என்பது காணாமல் போய்விடும். யூடியூப் உரைகளுக்கும் இதே விதிதான்.

ஏழாம் படி: ஒரு கேள்வியைப் பிடித்துக்கொள்வது

இந்தச் சுற்று முடிய நிதானமாகப் படித்தால் ஆறு மாதம், வேலைக்குப் போய்க்கொண்டு படித்தால் ஒரு வருடம் ஆகலாம். அதற்குள் ஏதாவது ஒரு கேள்வி உங்களை விடாமல் துரத்தத் தொடங்கியிருக்கும். அடுத்த புத்தகத்தை அந்தக் கேள்வியே தேர்ந்தெடுக்கட்டும். எலிசபெத்தின் கேள்வி என்றால், தெகார்த்தின் ஆன்மாவை இயந்திரத்துக்குள் இருக்கும் பேய் என்று 1949-இல் எழுதிய கில்பர்ட் ரைலும், வௌவாலாக இருப்பது எப்படியிருக்கும் என்று 1974-இல் கேட்ட தாமஸ் நேகலும். நீதி என்றால் 1971-இல் ஜான் ரால்ஸ், அவரை மறுத்து 1974-இல் ராபர்ட் நோசிக். பெண் கல்வி, விடுதலை என்றால் ரூசோவின் 'எமீல்' நூலில் ஐந்தாம் பகுதி, அதை வரிக்கு வரி தாக்கும் மேரி வுல்ஸ்டன்கிராஃப்டின் 1792 நூல்.

ஜனநாயகம் என்றால் ஜான் டூயி. 1916-இல் வந்த 'டெமாக்ரசி அண்ட் எஜுகேஷன்' நூலின் ஏழாம் அத்தியாயத்தில், ஜனநாயகம் ஓர் ஆட்சிமுறை மட்டுமல்ல, சேர்ந்து வாழ்வதன் ஒரு முறை என்கிறார். அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அவரிடம் படித்த அம்பேத்கர் அந்தக் கருத்தை, ஏறக்குறைய அதே சொற்களில், 1936-இல் 'சாதி ஒழிப்பு' உரைக்குள் கொண்டுவந்தார். பெரியாரின் குடி அரசு வழியாக அந்த உரை தமிழுக்கும் வந்தது. டூயியின் அத்தியாயத்தையும் அம்பேத்கரின் உரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்து, ஆசிரியர் சொல்லாத எதை மாணவர் சேர்த்திருக்கிறார் என்று குறிப்பேட்டில் எழுதுங்கள்.